கோர்ட்டுக்கு வந்த நல்லதங்காள்

பல வருஷங்களுக்கு முன் நான் எழுதிய ஒரு நாவலில், புருஷனிடம் அடி வாங்கும் பெண் ஒருத்தி வருகிறாள். கதாநாயகியல்ல; கதாநாயகனுடைய அக்கா. இருபது அத்தியாயங்களில் ஏழெட்டு இடங்களில் தலை காட்டுகிறாள். தலை காட்டும்போதெல்லாம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். கடைசியில் காசநோய் வந்து இறந்து போகிறாள். பத்திரிகையில் தொடராக வந்தபோது அவளுடைய சாவுக்காக அழுததாகப் பல வாசகர்கள் எழுதினார்கள். அந்தக் கடிதங்களைப் பெருமையோடு ஒரு பெட்டியில் சேர்த்து வைத்திருந்தேன்.

நாவல் புத்தகமாக வெளிவந்த பிறகு வந்த ஒரு கடிதத்தை மட்டும் அந்தப் பெட்டியில் வைக்க மனம் வரவில்லை. அதில் ஊர் இல்லை, பெயர் இல்லை. ஒரு பக்கக் கடிதம்.

“ஐயா, உங்கள் கதையில் வரும் அக்கா எப்போதும் அழுகிறாள். அதனால்தான் எல்லோருக்கும் அவளைப் பிடிக்கிறது. நான் பதினொரு வருஷம் அடிபட்டேன். ஒரு நாளும் பிறர் எதிரில் அழுததில்லை. வாய்க்கு வாய் பதில் பேசுவேன். ஒரு தடவை தோசைக் கரண்டியால் திருப்பியும் அடித்தேன். ஜீவனாம்சத்துக்காகக் கோர்ட்டுக்குப் போனபோது, ‘இந்த அம்மாளைப் பார்த்தால் அடி வாங்கினவள் மாதிரியா இருக்கிறது?’ என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார். இருந்தவர்கள் சிரித்தார்கள். அடி வாங்கினவள் எப்படி இருப்பாள் என்று அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? உங்களைப் போலக் கதை எழுதுகிறவர்கள்தான்.”

விமர்சகர்கள் என் நாவல்களைப் பற்றி என்னென்னவோ எழுதியிருக்கிறார்கள். அவற்றில் எதுவும் என்னை இவ்வளவு தூரம் தொந்தரவு செய்ததில்லை. அந்த அம்மாளுக்குப் பதில் எழுத விலாசம் இல்லை. ஆகவே, வேறு காரியம் செய்தேன். அடிபட்ட பெண்களைப் பற்றிக் கோர்ட்டுகளில் சொல்லப்பட்ட கதைகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். கதைகள் என்று தெரிந்துதான் சொல்கிறேன். சாட்சியம், தீர்ப்பு, மனோதத்துவ நிபுணர் எழுதிக் கொடுக்கும் அறிக்கை எல்லாமே ஒரு மனுஷியின் வாழ்க்கையிலிருந்து சிலவற்றை எடுத்து, சிலவற்றை விட்டு, ஒரு வரிசையில் வைத்துச் சொல்லப்படுகிறவை. நாவலாசிரியன் செய்வதும் அதுதானே? ஒரு வித்தியாசம் உண்டு. என் கதை சரியில்லாவிட்டால் புத்தகம் விற்காமல் கிடக்கும். அந்தக் கதை சரியில்லாவிட்டால் ஒருத்தி ஆயுள் முழுதும் ஜெயிலில் கிடப்பாள்.

முதலில் நம் வீட்டுக் கதையையே எடுத்துக்கொள்கிறேன்.

1989-ஆம் வருஷம் சென்னை உயர் நீதிமன்றத்தில் சுயம்புக்கனி வழக்கு தீர்ப்பாயிற்று. புருஷனுடைய கொடுமை தாங்காமல் ஒரு பெண் குழந்தைகளோடு கிணற்றில் குதித்தாள். குழந்தைகள் இறந்தன; தாய் பிழைத்துக்கொண்டாள். பிழைத்ததனாலேயே கொலைக் குற்றவாளியானாள். நம் குற்றச் சட்டத்தில் ஒரு விதிவிலக்கு உண்டு. கடுமையான, திடீரென்று ஏற்பட்ட ஆத்திர மூட்டலால் தன் வசம் இழந்து செய்த கொலை, கொலையாகாது என்பது அது. “திடீரென்று” என்ற அந்தச் சொல் இருக்கிறதே, அதுதான் வம்பு. வருஷக்கணக்காகச் சிறுகச் சிறுகச் சேர்ந்த துன்பத்தை அந்தச் சொல்லுக்குள் அடக்க முடியாது.

நீதிபதிகள் அதை ஒப்புக்கொண்டார்கள். தொடர்ந்து வந்த ஆத்திர மூட்டல் என்பது வேறு ஜாதி, அதில் கடைசியாக நடந்தது மிக அற்பமான செயலாகக்கூட இருக்கலாம், அதற்கும் சட்டத்தில் இடம் கொடுக்கத்தான் வேண்டும் என்ற கருத்தில் தீர்ப்பு எழுதினார்கள். மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறிந்துவிடும் என்று வள்ளுவர் சொன்னதைச் சட்டப் புத்தகத்தில் ஏற்றியது போன்ற காரியம் அது. அதோடு நிற்காமல், அந்த மனநிலைக்கு ஒரு பெயரும் வைத்தார்கள்: “நல்லதங்காள் சிண்ட்ரோம்”.

இதைப் படித்தபோது எனக்கு உண்டான சந்தோஷத்தை மறைக்க வேண்டியதில்லை. பாமர ஜனங்கள் பாடிப் பாடி வளர்த்த கதை ஒன்று, சட்டத்தின் சந்நிதியில் சாட்சி சொல்ல வந்து நின்றிருக்கிறது! வத்திராயிருப்புப் பக்கம் அர்ச்சுனாபுரத்தில் இன்றும் கோயில் கொண்டிருக்கும் அந்தத் தாயின் கதையை, நம் ஊர்களில் கேட்டு அழாத பாட்டி உண்டா? சுயம்புக்கனி கிணற்றங்கரையில் நின்ற நிலையை அயல்நாட்டு மனோதத்துவப் புத்தகம் விளக்க முடியாத இடத்தில், அந்தப் பெயர் ஒரு நொடியில் விளக்கிவிடுகிறது. குழந்தைகளை விட்டுவிட்டுத் தான் மட்டும் சாவது தாய்க்குத் துரோகமாகப் படும் ஒரு மனம் உண்டு என்பது, அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவனுக்குச் சொல்லாமலே தெரியும். ஒரு பெண்ணின் மனத்தை அவள் பிறந்து வளர்ந்த மண்ணின் கதைகளைக் கொண்டே அறிய வேண்டும் என்று இப்போது உலகமெல்லாம் நிபுணர்கள் பேசுகிறார்கள். நம் நீதிபதிகள் அதை அப்போதே செய்துவிட்டார்கள்.

ஆனால் சந்தோஷம் அடங்கிய பிறகு, கதை எழுதுகிறவனுக்கு உரிய சந்தேகம் தலை தூக்கியது. நல்லதங்காளைக் கொடுமைப்படுத்தியவள் யார்? அண்ணன் மனைவி மூளியலங்காரி. நல்லதங்காளைப் பிறந்த வீட்டுக்கு விரட்டியது பஞ்சம். அவளுடைய புருஷன் அவளை அடித்ததாகக் கதை இல்லை. புருஷனிடம் அடிபட்டவளுக்கு அந்தப் பெயரைச் சூட்டும்போது, அடித்த புருஷன் மெல்லக் கதையைவிட்டு நழுவிவிடுகிறான். மிஞ்சுவது கிணறும் குழந்தைகளும் கண்ணீரும்தான்.

இரண்டாவது சந்தேகம் இதைவிடப் பெரியது. நல்லதங்காள் சாகிறாள். அதனால்தான் அவளுக்குக் கோயில் கட்டினோம். குதித்தவளை நமக்குத் தெரியும். குதிக்காமல் நின்று, அரிவாள்மணையை எடுத்தவளை நமக்குத் தெரியுமா? தோசைக் கரண்டியால் திருப்பி அடித்தவளுக்கு என்ன பெயர்? நம்முடைய கதைக் களஞ்சியத்தில் அவளுக்கு ராட்சசி என்ற பெயரைத் தவிர வேறு பெயர் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. மண்ணின் கதை பெண்ணை விளக்கவும் செய்யும். அவளை மூடி மறைக்கவும் செய்யும்.

மேல்நாட்டாருக்கும் இதே சங்கடம்தான். 1979-ல் லெனோர் வாக்கர் என்ற அமெரிக்க மனோதத்துவ நிபுணர் ‘அடிபட்ட பெண்’ என்று ஒரு புத்தகம் எழுதினார். கோபம் மெல்ல மூட்டம் போடும் காலம், அடி விழும் காலம், அடித்தவனே காலைப் பிடித்துக் கெஞ்சிப் பூவும் புடவையும் வாங்கித் தரும் காலம் என்று மூன்று கட்டங்கள் திரும்பத் திரும்ப வரும் என்று அதில் காட்டினார். பூவும் புடவையும் என் கைச்சரக்கு, மற்றது அவருடையது. தப்பிக்க முடியாதபடி அதிர்ச்சி கொடுக்கப்பட்ட நாய்கள், பிறகு கதவைத் திறந்து விட்டாலும் வெளியேறாமல் படுத்துக் கிடந்ததை 1960-களில் மார்ட்டின் செலிக்மன் என்பவர் சோதனை செய்து கண்டிருந்தார். அதைத் துணைக்கு எடுத்துக்கொண்டு, “அவள் ஏன் வீட்டைவிட்டுப் போகவில்லை?” என்ற நித்தியக் கேள்விக்கு வாக்கர் ஒரு பதில் சொன்னார்.

அந்தப் பதிலால் பல பெண்கள் பிழைத்தார்கள். 1990-ல் கனடாவின் உச்ச நீதிமன்றம் லாவல்லீ என்ற பெண்ணின் வழக்கில், இப்படிப்பட்ட நிபுணர் சாட்சியம் அவசியம் என்றே தீர்ப்பளித்தது. அதை எழுதியவர் பெர்த்தா வில்சன் என்ற பெண் நீதிபதி. ஆனால் எட்டு வருஷம் கழித்து, அதே நீதிமன்றத்தில் லெரோ துபே என்ற இன்னொரு பெண் நீதிபதி மாலட் வழக்கில் ஓர் எச்சரிக்கை செய்தார். ஒடுங்கிப்போய், செயலற்று, பிறரை அண்டி நிற்பவள் என்ற அச்சில் பொருந்தாத பெண்களுக்கு இந்தச் சாட்சியமே எதிரியாகிவிடலாம் என்பது அவர் சொன்னதன் சாரம். திருப்பி அடித்தவள், வேலை பார்த்துச் சம்பாதிக்கிறவள், வெள்ளைக்காரியல்லாதவள் இவர்களெல்லாம் அந்த அச்சுக்கு வெளியே நிற்பார்கள். இதைப் படித்தபோது எனக்கு அந்தப் பெயரில்லாக் கடிதம் நினைவுக்கு வந்தது. கனடா தேசத்து நீதிபதியும் விலாசம் எழுதாத அந்த அம்மாளும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லியிருந்தார்கள்.

இனி, இந்தக் கட்டுரைக்கு நடுநாயகமான புத்தகத்துக்கும் படத்துக்கும் வருகிறேன்.

கிரண்ஜித் அலுவாலியா பஞ்சாபில் பிறந்தவர். பட்டப்படிப்பை முடித்துச் சட்டம் படிக்கத் தொடங்கியிருந்தார். 1979-ல் கலியாணமாகி இங்கிலாந்துக்குப் போனார். பத்து வருஷம் அடியும் உதையும். 1989 மே மாதத்தில் ஓர் இரவு, புருஷன் சூடான இஸ்திரிப் பெட்டியை முகத்தருகில் காட்டி மிரட்டிவிட்டுத் தூங்கப் போன பிறகு, பெட்ரோலை ஊற்றி நெருப்பு வைத்தார். சில நாட்களில் அவன் இறந்தான். வீடு எரியும்போது அவர் ஜன்னலருகில் மகனைக் கட்டிக்கொண்டு வெறித்துப் பார்த்தபடி அமைதியாக நின்றதைப் பக்கத்து வீட்டார் பார்த்தார்கள். வெளியே வரச் சொன்னபோது, புருஷனுக்காகக் காத்திருப்பதாகச் சொல்லி ஜன்னலை மறுபடி சாத்திக்கொண்டாராம்.

இந்த ஒரு காட்சியை வைத்துக்கொண்டு நூறு கதை எழுதலாம். ‘கல்நெஞ்சக்காரி, கொளுத்திவிட்டு அமைதியாக நிற்கிறாள்’ என்று எழுதலாம். ‘சித்தம் கலங்கி நிற்கிறாள்’ என்று எழுதலாம். ‘பத்து வருஷமாக எந்த நிலைமையிலும் முகத்தில் ஒன்றும் காட்டாமல் இருக்கக் கற்றுக்கொண்டவள் அன்றும் அப்படியே நிற்கிறாள்’ என்றும் எழுதலாம். எது சரி என்று தெரிந்துகொள்ள அவளோடு உட்கார்ந்து பேச வேண்டும். அவளுடைய பாஷையில், அவள் ஊர்க் கணக்கில், அவசரமில்லாமல் பேச வேண்டும். 1989 டிசம்பரில் நடந்த விசாரணையில் அது நடக்கவில்லை. அவர் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்லவில்லை. அவர் தரப்பில் வைத்திய சாட்சியமும் கொடுக்கப்படவில்லை. அவருக்குக் கடுமையான மனச்சோர்வு இருந்ததாகச் சொல்லும் வைத்திய அறிக்கை ஒன்று அப்போதே இருந்தும் அது ஜூரியின் முன் வரவில்லை. ஆயுள் தண்டனை.

ஆனால் ஜூரியின் முன் வந்த ஒரு காகிதம் உண்டு. சம்பவத்துக்குச் சில வாரங்களுக்கு முன் புருஷன் வீட்டைவிட்டுப் போயிருந்தபோது அவர் எழுதிய கடிதம் அது. திரும்பி வந்தால் இனிக் கறுப்புக் காப்பி குடிக்க மாட்டேன், பச்சை மிளகாய் தின்ன மாட்டேன், தலைமுடிக்குச் சாயம் பூச மாட்டேன், உங்களுக்குப் பிடிக்காவிட்டால் சிரிக்க மாட்டேன் என்று ஒன்றன்பின் ஒன்றாக வாக்குக் கொடுத்துக்கொண்டே போகிறார். முப்பது வருஷத்துக்கு மேல் கதை எழுதியிருக்கிறேன். ஒரு பெண்ணின் சிறையை இத்தனை சுருக்கமாக எழுத என்னால் முடிந்ததில்லை. ஒவ்வொரு வாக்குறுதியும் ஒரு கம்பி. பச்சை மிளகாய்கூடத் தடை செய்யப்பட்ட வீட்டில் மற்றவை எப்படி இருந்திருக்கும்!

வெளியாள் ஒருவர் இதைப் படித்தால் ‘சில்லறை விஷயங்களுக்குத் தம்பதிகள் சண்டை’ என்று தள்ளிவிடக்கூடும். அல்லது, ‘இவ்வளவு கெஞ்சுகிறவள் பொறாமையால்தான் கொன்றிருப்பாள்’ என்று முடிவு கட்டக்கூடும். மருமகளாக ஒரு வீட்டில் வாழ்ந்து பார்த்தவர்களுக்கு இது சில்லறை அல்ல. அவளைப் பரிசோதிக்கும் நிபுணருக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் அவளிடமே கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்.

சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ் என்ற பெண்கள் அமைப்பு இந்த வழக்கைத் தூக்கிப் பிடித்தது. 1992 ஜூலையில் அப்பீல் கோர்ட்டு தண்டனையை ரத்து செய்தது. மறுபடி விசாரணைக்கு வந்தபோது, மனநிலை காரணமாகப் பொறுப்புக் குறைந்தவர் என்ற அடிப்படையில், கொலையல்லாத மரண விளைவிப்பு என்று ஏற்கப்பட்டது. செப்டம்பரில் மூன்று வருஷம் நாலு மாதம் தண்டனை விதித்தார்கள். அதை அவர் ஏற்கெனவே ஜெயிலில் கழித்திருந்ததால் வீட்டுக்குப் போனார்.

நல்ல முடிவுதான், கைதட்டியிருக்கிறேன். ஆனாலும் கவனித்துப் பாருங்கள். ‘திடீரென்று வந்த, தாற்காலிகமான நிதான இழப்பு’ வேண்டும் என்று 1949-ல் ஒரு வழக்கில் வகுத்த விதியை அப்பீல் கோர்ட்டு கைவிடவில்லை. அவர் வெளியே வந்தது, அவருடைய ஆத்திரம் நியாயமானது என்று யாரும் சொன்னதனால் அல்ல. அவருடைய மனம் நோயுற்றிருந்தது என்று சொன்னதனால்தான். பத்து வருஷம் அடித்தவனைப் பற்றிச் சொல்ல வேண்டியதை, அடிபட்டவளின் மூளையைப் பற்றிச் சொல்லி முடித்துக்கொண்டார்கள். தீர்ப்பு சரி, கதை கோணல். 2009-ல் இங்கிலாந்தில் சட்டத்தையே மாற்றி, நிதான இழப்பு திடீரென்று நிகழ்ந்திருக்க வேண்டியதில்லை என்று எழுதினார்கள். நம் நாட்டில் 2024 ஜூலையில் அமலுக்கு வந்த நியாய சம்ஹிதையிலும் 101-வது பிரிவில் ‘திடீரென்று’ அப்படியே உட்கார்ந்திருக்கிறது. சுயம்புக்கனிக்கு நீதிபதிகள் கொடுத்த இடம் இன்னும் சட்டப் புத்தகத்தின் மூலத்தில் ஏறவில்லை.

1997-ல் ரஹிலா குப்தாவுடன் சேர்ந்து கிரண்ஜித் தம் கதையை ‘சர்க்கிள் ஆஃப் லைட்’ என்ற புத்தகமாக வெளியிட்டார். 2006-ல் ஜக் முந்த்ரா அதைப் ‘ப்ரவோக்ட்’ என்ற படமாக எடுத்தார். ஐஸ்வர்யா ராய் கிரண்ஜித்தாக நடித்தார், நம் ஏ. ஆர். ரஹ்மான் சங்கீதம் அமைத்தார். படம் தன் காலத்தில் ஒரு நல்ல காரியம் செய்தது. பத்திரிகையின் மூலையில் கிடந்த விஷயத்தை நடுக்கூடத்துக்குக் கொண்டுவந்தது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கலை என்ற முறையில் எனக்குப் பெரிய குறை உண்டு. பெரிய கண்கள், மெல்லிய குரல், நடுங்கும் உதடு! படம் முடிந்து வெளியே வந்தபோது என் மனத்தில் நின்றது ஓர் அழகான துயரம்தான். ஒரு மனுஷி அல்ல. பார்க்கிறவர்கள் இரங்க வேண்டும் என்பதற்காக அவளை ஒரே சுருதியில் வைத்துவிட்டார்கள். என் நாவலில் வரும் அக்காவைத் திரையில் பார்த்தது போல எனக்கு வெட்கமாயிருந்தது.

உண்மையான கிரண்ஜித் ஊமையல்ல. புருஷன் தன்னை நெருங்காதிருக்க இரண்டு முறை கோர்ட்டு உத்தரவு வாங்கியவர். இந்த ஒரு விவரத்தை வைத்துப் பார்த்தால் கதையே புரண்டுவிடும். ‘கீழைநாட்டுப் பெண், குடும்ப மானத்துக்குப் பயந்து வாயைத் திறக்கவில்லை’ என்று சொல்லிவிடுவது சுலபம். இஸ்ஸத் என்று பஞ்சாபிகள் சொல்லும் குடும்ப கௌரவம் அவரைக் கட்டிப்போட்டது உண்மை. ஆனால் அவர் வாயைத் திறந்தார். இரண்டு முறை திறந்தார். கோர்ட்டு காகிதம் கொடுத்தது, காவல் கொடுக்கவில்லை. அதையும் சேர்த்துச் சொல்லாமல் பண்பாட்டை மட்டும் சொன்னால், இங்கிலாந்து தேசத்துச் சட்டத்தின் தோல்வியைப் பஞ்சாபின் தலையில் கட்டிவிட்டதாக ஆகும். இந்த இடத்தில் படத்தைவிடப் புத்தகம் மேலானது. அது தன்மையில் பேசுகிறது. தன்மையில் பேசுகிறவளிடம் முரண்பாடுகள் இருக்க முடிகிறது. கணவன் என்ற சிறையிலிருந்து சட்டம் என்ற சிறைக்கு வந்ததாகச் சொன்ன பெண் அவர். அப்படிப் பேசத் தெரிந்தவளுக்கு நடுங்கும் உதடு மட்டும் போதாது.

பண்பாடு என்ற சொல்லை நான் சந்தேகத்தோடு பார்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதே 1989-ல் நியூயார்க் புரூக்ளினில் டோங் லூ சென் என்ற சீனர் தம் மனைவியைச் சுத்தியலால் அடித்துக் கொன்ற வழக்கு முடிந்தது. மனைவி சோரம் போனாள் என்றால் சீனப் புருஷனுக்கு எப்படிப்பட்ட ஆவேசம் வரும் என்று விளக்க ஒரு மானிடவியல் பேராசிரியர் சாட்சி சொன்னார். நீதிபதி அதை ஏற்று, ஐந்து வருஷ நன்னடத்தைக் கண்காணிப்போடு அவரை விட்டுவிட்டார். ஒரு நாள்கூட ஜெயில் தண்டனை விதிக்கவில்லை. அமெரிக்காவில் வாழும் ஆசியப் பெண்கள் கொதித்து எழுந்தார்கள். நியாயந்தானே? இறந்தவளும் சீனப் பெண்தான். அவளுடைய பண்பாட்டைப் பற்றிச் சாட்சி சொல்ல எந்தப் பேராசிரியரும் வரவில்லை.

சென்னையில் ஒன்று, இங்கிலாந்தில் ஒன்று, நியூயார்க்கில் ஒன்று. மூன்றும் ஒரே வருஷம். பண்பாடு என்ற ஒரே சாவி ஓரிடத்தில் அடிபட்டவளுக்குக் கதவைத் திறந்தது. ஓரிடத்தில் யாரும் அதை எடுக்கவே இல்லை. ஓரிடத்தில் கொன்றவனுக்குக் கதவைத் திறந்துவிட்டது. அப்படியானால், இதைக் கையாளுகிறவர் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும்?

இந்தத் தொழிலில் இருக்கும் ஒரு டாக்டர் அம்மாளை எனக்குத் தெரியும். வயதில் என்னைவிடச் சிறியவர்; அனுபவத்தில் பெரியவர். அவரிடம் இதையெல்லாம் சொன்னேன்.

“சார், நான் வேலைக்கு வந்த புதிதில் அச்சடித்த கேள்வித்தாளை வைத்துக்கொண்டு கேட்பேன். ‘உங்கள் கணவர் உங்களை அடிப்பாரா?’ என்று கேட்டால், ‘இல்லை’ என்பார்கள். நானும் ‘இல்லை’ என்று குறித்துக்கொள்வேன். பிறகு ஒரு நாள் ஓர் ஆயா சொல்லிக் கொடுத்தாள். ‘கை நீட்டுவாரா?’ என்று கேளுங்கள் அம்மா என்றாள். கேட்டேன். ‘அது எப்பவாச்சும் உண்டு, குடிச்சா மட்டும்’ என்றார்கள். ‘எப்பவாச்சும்’ என்றால் வாரத்தில் எத்தனை நாள் என்று கேட்டேன். நாலு நாள்.”

“அப்படியானால் முதலில் பொய் சொன்னார்களா?”

“பொய் இல்லை, சார். அவர்களுக்கு அடி என்றால் எலும்பு முறிய வேண்டும். மற்றதெல்லாம் கை நீட்டல். ‘அவருக்குக் கொஞ்சம் முன்கோபம்’ என்று ஒருத்தி சொன்னால், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தோண்ட வேண்டும். ‘நெஞ்சு அடைக்குது, உச்சந்தலை எரியுது, சோறு இறங்க மாட்டேங்குது’ என்பார்கள். மனச்சோர்வு என்ற வார்த்தை வராது. தாளில் அந்த வார்த்தையைத்தான் தேடினால், எல்லோரும் சுகமாக இருப்பதாக எழுதிவிடலாம்.”

இது எனக்குப் பாடமாக இருந்தது. மேலும் பலவற்றை அவர் விளக்கினார். வேறு பாஷைக்காரப் பெண்ணாக இருந்தால் மொழிபெயர்க்கச் சொந்தக்காரர்களைக் கூப்பிடக்கூடாது. ‘மாமியாரே மொழிபெயர்த்தால் மருமகள் என்ன சொல்லுவாள், சார்?’ என்றார். ஒரே நாளில் எல்லாம் கேட்டு முடிக்கக்கூடாது. முதல் நாள் சொல்லாததை மூன்றாம் நாள் சொல்லுவாள். முன்னுக்குப் பின் முரணாகச் சொன்னால் உடனே பொய் என்று எழுதாமல், பயத்தில் நினைவு எப்படிச் சிதறும் என்று யோசிக்க வேண்டும். நிமிர்ந்து கண்ணைப் பார்க்காதவள் எல்லாம் மறைக்கிறவள் அல்ல; பெரியவர்கள் முன் குனிந்து பேச வளர்க்கப்பட்டவளாக இருக்கலாம். அதே சமயம், அவள் சொல்லுவதை மட்டும் நம்பி எழுதுவதும் அறிக்கையாகாது. ஆஸ்பத்திரிச் சீட்டு, பழைய கடிதங்கள், அக்கம்பக்கத்தார் சொல்வது எல்லாவற்றோடும் ஒத்துப் பார்க்க வேண்டும். அவள் குற்றவாளியா இல்லையா என்று நிபுணர் சொல்லக்கூடாது. அது நீதிபதியின் வேலை. அவள் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் என்ன தெரிந்தது என்று சொல்லுவதோடு இவருடைய வேலை முடிந்தது.

அமெரிக்க மனநல வைத்தியர்கள் 2013-ல் வெளியிட்ட தங்கள் கைந்நூலில் பதினாறு கேள்விகள் கொண்ட ஒரு முறையைச் சேர்த்திருக்கிறார்கள். உங்களுக்கு வந்திருப்பதை உங்கள் மனிதர்கள் என்ன பெயர் சொல்லி அழைப்பார்கள், எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள், யாரிடம் உதவி கேட்டீர்கள் என்பன போன்ற கேள்விகள். எனக்குப் பிடித்தது என்னவென்றால், ‘பஞ்சாபிகள் இப்படி, தமிழர்கள் இப்படி’ என்ற பட்டியல் அதில் இல்லை. எதிரில் இருக்கிற இந்த ஒருத்தியைக் கேள் என்கிறது. நல்ல நாவலாசிரியனுக்கும் இதைவிட மேலான புத்திமதி இருக்க முடியாது.

இப்போது என் அபிப்பிராயத்தைச் சொல்லி முடிக்கிறேன். நல்லதங்காளைக் கோர்ட்டுக்குக் கூப்பிட்ட நீதிபதிகள் செய்தது பெரிய காரியம். ஆனால் அவளைத் துணைக்குக் கூப்பிடலாமே தவிர, அளவுகோலாக வைக்கக்கூடாது. அவளைப் போல அழுதாளா, அவளைப் போல ஒடுங்கினாளா, அவளைப் போலக் குதித்தாளா என்று ஒவ்வொருத்தியையும் அவள் பக்கத்தில் நிறுத்தி அளந்தால், நல்லதங்காளே இன்னொரு மூளியலங்காரியாகிக் கதவைச் சாத்திவிடுவாள். வாக்கரின் மூன்று கட்டங்களுக்கும் இதே எச்சரிக்கை. பெயர் வைப்பது ஒரு பெண்ணைப் புரிந்துகொள்ளத் தொடங்குவதற்காக. அதோடு முடித்துக்கொள்வதற்காக அல்ல.

நீதிபதிகளுக்கும் டாக்டர்களுக்கும் புத்தி சொல்ல நான் யார்? என் சொந்தக் கணக்கை மட்டும் தீர்த்துக்கொள்கிறேன். சென்ற வருஷம் அந்தப் பழைய நாவலுக்கு மறுபதிப்புப் போட வேண்டும் என்று பதிப்பாளர் கேட்டார். புரூப் திருத்த உட்கார்ந்தேன். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைக்கும் இடங்களை எண்ணிப் பார்த்தேன்; ஆறு இருந்தன. ஐந்தை அடித்தேன். பன்னிரண்டாவது அத்தியாயத்தில் ஒரு பக்கம் புதிதாக எழுதிச் சேர்த்தேன். அதில் அவள் சமையலறையில் நிற்கிறாள். புருஷன் கை ஓங்கிக்கொண்டு வருகிறான். அவள் தோசைக் கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

முன்பு ரசித்த வாசகர்கள் சிலருக்கு இந்த மாறுதல் பிடிக்கவில்லை. அக்காவின் மென்மை போய்விட்டது என்று எழுதியிருக்கிறார்கள். இருக்கலாம். விலாசம் எழுதாத ஓர் அம்மாளுக்கு நான் எழுதிய பதில் அது. அவர் கையில் அந்தப் பதிப்பு கிடைத்திருக்குமா என்றுதான் அவ்வப்போது யோசிக்கிறேன்.